ஐம்பதாம் பத்தியில் நின்றுபோன பேச்சு

முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்பதால், ‘அறிவியலும் சமயமும்’ என்ற தலைப்பில் எங்கே கூட்டம் நடந்தாலும் எனக்கும் ஓர் அழைப்பு வந்துவிடும். இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்த பிறகு, முதுகுவலியைக் காரணம் காட்டித் தவிர்க்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் கூட்டங்கள் எல்லாம் தொடக்கத்தைப் பற்றியவையாகவே இருந்தன: பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது, உயிர் எப்படித் தோன்றியது, குரங்கிலிருந்து மனிதன் வந்தானா இல்லையா. வந்தவர்கள் கொண்டுவந்த கருத்தைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோனார்கள். என்றோ நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுநாள் காலையில் எவருடைய வீட்டிலும் எதுவும் மாறப்போவதில்லை. அதனால்தான் அந்த வாதத்தில் அவ்வளவு சூடும் அவ்வளவு வசதியும் சேர்ந்தே இருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு அப்படிப்பட்டதல்ல என்பதை நான் தெரிந்துகொண்டது 2015ஆம் ஆண்டின் கடைசியில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் தேவாலயத்துக்கு அப்போது வந்திருந்த பங்குத்தந்தை, பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பி.எஸ்சி. படித்தவர். நான் அவரை ‘ஃபாதர்’ என்கிறேன், அவர் என்னை ‘சார்’ என்கிறார். இந்த ஏற்பாட்டில் யாருக்கு யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஒருநாள் மாலை அவர் ஒரு புத்தகத்தை நீட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் அந்த ஆண்டு ஜூன் 18ஆம் நாள் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடல். “முழுசும் படிக்க வேண்டாம் சார். 23ஆம் பத்தியிலிருந்து 26 வரைக்கும் பாத்துட்டு, இயற்பியல் தப்பா இருந்தா மட்டும் சொல்லுங்க” என்றார்.

நான் சிவப்பு மையுடன்தான் உட்கார்ந்தேன். சூரிய ஒளியால் சூடான நிலத்திலிருந்து வெப்பம் வெளியேறுவதைச் சில வாயுக்கள் எப்படித் தடுக்கின்றன என்பது சரியாகச் சொல்லப்பட்டிருந்தது. எரிமலைகள், பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சிலும் நேரும் மாற்றங்கள், சூரியனின் சுழற்சி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, ஆயினும் அண்மைப் பத்தாண்டுகளின் வெப்ப உயர்வில் பெரும்பகுதி மனிதச் செயலால் வந்தது என்று எழுதியிருந்தார்கள். கரியமில வாயு கடல்நீரில் கரைந்து அதை அமிலமாக்குவது வரை வந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் திருத்தினேன். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களின் வரிசையில் பொதுப்பட ‘நைட்ரஜன் ஆக்சைடுகள்’ என்று இருந்தது. அந்த வேலையைச் செய்வது அவற்றுள் நைட்ரஸ் ஆக்சைடு என்ற ஒன்று. முதலாண்டு மாணவன் விடைத்தாளில் இதற்கு நான் அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்க மாட்டேன். ஒரு மடத்து ஆவணத்துக்கு இவ்வளவு ஒழுங்காக யார் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற ஆவல்தான் என்னை மேற்கொண்டு படிக்கவைத்தது.

அந்த ஆவல் என்னை வீரபத்ரன் இராமநாதன் என்ற காலநிலை அறிவியலாளரிடம் கொண்டுசேர்த்தது. அவர் எழுதிய ஆய்வுத்தாள் ஒன்றை நான் வகுப்பிலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவருக்கும் வத்திக்கானுக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் எனக்குப் புதிது. தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்த பதினோரு வயதுச் சிறுவன், குடும்பம் பெங்களூருக்குப் போனதும் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, ஆசிரியர் சொல்வது விளங்காததால் எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டுச் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில் வேலை பார்த்தார். பெட்டிக்குள் இருக்கும் குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே அவருடைய பிரச்சினை. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா, அங்கே வெள்ளி, செவ்வாய்க் கோள்களின் வளிமண்டலம் பற்றிய முனைவர் பட்டம்.

1974இல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் அந்தக் குளிரூட்டும் வாயுவான குளோரோஃபுளூரோகார்பன் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். இளைஞர் இராமநாதன் அதே வாயுவை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்புகிறது. வழியில் நீராவியும் கரியமில வாயுவும் அதில் பெரும்பகுதியை மறித்துக்கொள்கின்றன. ஆனால் ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் அவை இரண்டும் அதிகம் தலையிடுவதில்லை. வீடு முழுவதும் அடைத்துக் கிடக்க ஒரு சன்னல் மட்டும் திறந்திருப்பதைப் போன்றது இது. குளோரோஃபுளூரோகார்பன் மூலக்கூறின் பிணைப்புகள் அதிர்ந்து கதிரை உறிஞ்சுவது சரியாக அந்தச் சன்னல் பகுதியில். ஆகவே அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் சுமார் 10,000 மூலக்கூறுகளுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். செகந்திராபாத்தில் கசிந்துகொண்டிருந்தது என்ன என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1980இல் வானிலை அறிவியலாளர் ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து, புவி வெப்பமாதலின் அடையாளம் வானிலையின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி 2000ஆம் ஆண்டளவில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று எழுதினார். அப்படியே தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளோரோஃபுளூரோகார்பன் விவகாரத்தைத் தீர்க்க எந்தச் சமயத் தலைவரும் தேவைப்படவில்லை. எச்சரிக்கை வந்து பதின்மூன்றே ஆண்டுகளில், 1987இல், மாண்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த வாயுவைத் தயாரித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். மாற்று வாயு கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்தவர் தம் வாழ்க்கையில் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கரியமில வாயுவோ அனல்மின் நிலையத்திலும் பேருந்திலும் சிமெண்டுச் சூளையிலும் அடுப்பிலும் இருக்கிறது. அதை விட வேண்டுமென்றால், யார் முதலில் விடுவது, யார் எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம், இதுவரை எரித்தவர் எரிக்காதவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றில் ஒன்றுக்குக்கூட நிறமாலையில் விடை இல்லை. இந்த வேறுபாட்டை இராமநாதனைப் போல உள்ளிருந்து உணர்ந்தவர்கள் குறைவு. முதல் பிரச்சினை தீர்ந்ததையும் இரண்டாவது தீராமல் நின்றதையும் ஒரே ஆயுளில், ஆய்வாளராகவே இருந்து பார்த்தவர் அவர்.

அவருக்கு அதை இன்னும் அழுத்தமாக உணர்த்தியது பழுப்பு மேகம் என்று நினைக்கிறேன். 1999இல் அவரும் வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வில், குளிர்கால மாதங்களில் தெற்காசியாவிலிருந்து கிளம்பும் புகைமூட்டம் வட இந்தியப் பெருங்கடலின் மேல் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை படர்ந்து கிடப்பது தெரியவந்தது. அதில் வாகனப் புகையும் ஆலைப் புகையும் உண்டு. விறகும் வறட்டியும் எரிந்த அடுப்புக் கரியும் கணிசமாக உண்டு. 2002இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு இதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற பெயரில் அறிக்கையாக வெளியிட்டபோது இந்தியாவில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பெங்களூரிலிருந்தே மறுப்புகள் எழுதப்பட்டன. பிறகு பெயரிலிருந்து ஆசியா எடுக்கப்பட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பேன். ஏழையின் அடுப்பையும் பணக்காரரின் காரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, பிழைப்புக்கான புகை வேறு சொகுசுக்கான புகை வேறு என்று டெல்லியில் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இலேயே எழுதிவிட்டார்கள். அறவழிக் கேள்வியை வத்திக்கான்தான் முதலில் எழுப்பியது என்று யாரேனும் சொன்னால் நான் இந்த ஆண்டை நினைவூட்டுவது வழக்கம்.

அடுப்பைப் பற்றி எழுதும்போது என் அம்மாவைக் கடந்து போக முடியவில்லை. கூரையில் இரண்டு ஓடு தள்ளிவைத்த சமையற்கட்டில், பனை மட்டையும் உடைமுள்ளும் வைத்து எரித்த மண்ணடுப்பின் முன்னால் நாற்பது ஆண்டுகள் குனிந்திருந்தவர். பிள்ளைகள் எட்டுப் பேர் பிறந்தோம், ஐந்து பேர் தங்கினோம். பின்னிரவில் அவர் இருமும் சத்தம் எங்கள் வீட்டுக் கடிகாரம் மாதிரி. அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை, வயது என்று நினைத்தோம். வீட்டுக்குள் சூழும் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. இராமநாதனும் தம் பாட்டி அடுப்புப் புகையில் இருமியதை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நினைவும் சேர்ந்துதான் உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து அளந்து பார்த்த ‘புராஜெக்ட் சூரியா’ திட்டமாயிற்று. கரித்துகள் காற்றில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்கள். கரியமில வாயுவில் ஒரு பங்கு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். ஆகவே அடுப்புப் புகையைக் குறைத்தால் பலன் உடனே தெரியும், அதுவும் முதலில் அந்த அடுப்பின் முன்னால் இருக்கும் பெண்ணின் நுரையீரலில்.

இனி வத்திக்கான். திருத்தந்தைக்கு அறிவியல் கழகம் ஒன்று இருக்கிறது என்பதே நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். 1603இல் உரோமையில் தொடங்கப்பட்ட லின்சேய் கழகத்தை அது தன் மூதாதையாகச் சொல்லிக்கொள்கிறது. கலிலேயோ அந்தக் கழகத்தின் உறுப்பினர். அந்தக் கலிலேயோவுக்குத் திருச்சபை 1633இல் தண்டனை விதித்ததும், அது பிழை என்று இரண்டாம் ஜான் பால் 1992இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதும் ஊரறிந்தவை. இப்போதுள்ள வடிவத்தில் கழகத்தை 1936இல் பதினொன்றாம் பத்திநாதர் அமைத்தார். உறுப்பினராவதற்கு அறிவியல் தகுதி போதும், சமயம் கேட்கப்படுவதில்லை; கடவுள் தேவையில்லை என்று சொல்லிவந்த ஸ்டீபன் ஹாக்கிங்கும் உறுப்பினராக இருந்தார். இராமநாதன் சேர்ந்தது 2004இல். 2011இல் குருட்சனுடனும் வானிலை அறிவியலாளர் லெனார்ட் பெங்சனுடனும் சேர்ந்து, மலைப் பனியாறுகள் உருகுவது பற்றிய அறிக்கை ஒன்றை அந்தக் கழகத்தின் சார்பில் தயாரித்தார்.

2014 மே மாதம் அறிவியல் கழகமும் சமூக அறிவியல் கழகமும் சேர்ந்து, நிலைத்த மாந்தகுலம், நிலைத்த இயற்கை என்ற பொருளில் ஐந்து நாள் கூட்டம் நடத்தின. ஏற்பாட்டாளர்களில் இராமநாதனும் பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தாவும் முக்கியமானவர்கள். கூட்டத்தின் சாரத்தைத் திருத்தந்தையிடம் சொல்லும் வாய்ப்பு இராமநாதனுக்குக் கிடைத்தது. இடம், மண்டபம் எதுவுமல்ல. திருத்தந்தை தங்கியிருந்த சாந்தா மார்த்தா விடுதியின் வாகன நிறுத்துமிடம். நின்றபடி சில வாக்கியங்களில் சொல்லி முடிக்க வேண்டும். நாற்பது ஆண்டு ஆய்வைச் சில வாக்கியங்களாகச் சுருக்கச் சொன்னால் நானாக இருந்தால் சன்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பேன். அவர் மைக்ரோமீட்டரைத் தொடவேயில்லை. இந்த மாசில் பெரும்பகுதி உலகின் பணக்கார 100 கோடிப் பேரால் வருகிறது, அதற்குக் கிட்டத்தட்டப் பங்கே இல்லாத ஏழைகள் 300 கோடிப் பேர்தான் அதிகம் துன்பப்படப்போகிறார்கள் என்றார். “நான் என்ன செய்யலாம்?” என்று பிரான்சிஸ் கேட்டார். உங்கள் உரைகளில் இந்தப் பூமியைப் பொறுப்போடு பேணும்படி மக்களிடம் சொல்லுங்கள் என்று இவர் பதிலளித்தார்.

இந்தச் சிறு உரையாடலை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் இளமையில் வேதியியல் தொழில்நுட்பப் பட்டயம் பெற்று ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்; அளவை என்றால் என்ன என்று தெரிந்தவர். சொன்னவர் கத்தோலிக்கர் அல்லர். அவர் திருத்தந்தையிடம் வானிலையைப் பற்றிய ஒப்புதலைக் கேட்கவில்லை, தம்மிடம் இல்லாத ஒன்றைக் கேட்டார்: கேட்கிற காதுகளை. மறுதரப்பும் தன்னிடம் இல்லாததைத்தான் வாங்கிக்கொண்டது. திருச்சபைக்கு ஏழைகளைப் பற்றிப் பேச இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆனால் ஒரு தீவில் எரிக்காத நெருப்புக்காக அந்தத் தீவு மூழ்கும் என்பதை எந்தச் சமயநூலும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. கலிலேயோ காலத்தில் ஒருவர் இடத்தில் மற்றவர் உட்கார முயன்றதால் சண்டை வந்தது. இங்கே ஒவ்வொருவரும் தம்மால் விடை சொல்ல முடியாத கேள்வியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு விலகிநின்றார்கள். உரையாடல் என்று நான் மதிப்பது இதைத்தான். இணக்கம் வேறு விஷயம்.

திருச்சபை தன் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் ஒட்டடை அடிக்க வேண்டியிருந்தது. லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1966 டிசம்பரில் அறிவியலாளர்கள் கூட்டம் ஒன்றில் பேசி, அடுத்த மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் அச்சிட்ட கட்டுரை அறுபது ஆண்டுகளாகக் கிறித்தவ இறையியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்துவருகிறது. இயற்கை மனிதனின் பயன்பாட்டுக்கென்றே படைக்கப்பட்டது என்ற எண்ணத்தை மேற்கு நாடுகளுக்குக் கொடுத்தது மேற்கத்தியக் கிறித்தவமே, இன்றைய சூழல் நெருக்கடியில் அதற்குப் பெரும் பங்குண்டு என்று அவர் குற்றம்சாட்டினார். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. நோயின் வேர் சமயத்தில் இருப்பதால் மருந்தும் சமயத்திலிருந்தே வர வேண்டும் என்றும், அசிசி நகர்ப் புனிதர் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக ஏற்கலாம் என்றும் எழுதினார். 1979இல் இரண்டாம் ஜான் பால் அசிசியாரை அப்படியே அறிவித்தார். 2013இல் ஒரு திருத்தந்தை அவர் பெயரையே சூட்டிக்கொண்டார். திருமடலின் தலைப்பும் அசிசியார் பாடலின் முதலடிகளிலிருந்து வந்தது; சூரியனை அண்ணன் என்றும் நீரைத் தங்கை என்றும் அழைக்கும் பாடல் அது. ஓர் அறிவியல் இதழில் வந்த குற்றப்பத்திரிகையின் கடைசி வரி இப்படிச் சுற்றிவந்து நிறைவேறியதை வத்திக்கானில் யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

வைட் சுட்டிய வசனம் தொடக்கநூலில் உள்ளது: மண்ணுலகை நிரப்புங்கள், ஆளுங்கள் என்று மனிதரிடம் சொல்லப்படும் இடம். திருமடல் அதை மறைக்காமல் எடுத்துவைத்து, அடுத்த அதிகாரத்தில் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் பாதுகாக்கவும்’ மனிதன் வைக்கப்பட்டதாக வரும் வரியோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறது. 200ஆம் பத்தியில், நம் கொள்கைகளைத் தவறாகப் புரிந்துகொண்டு இயற்கையை வதைத்ததற்கு நியாயம் கற்பித்திருந்தால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. ‘இருந்தால்’ என்பது எனக்குக் கொஞ்சம் சிக்கனமான ஒப்புதலாகவே படுகிறது.

ஆனால் 33ஆம் பத்தியில் சிவப்பு மையை மூடிவைத்தேன். ஆண்டுதோறும் நாம் அறியவே வாய்ப்பில்லாத ஆயிரக்கணக்கான தாவர, விலங்கினங்கள் மறைகின்றன; அவை தம் இருப்பாலேயே இறைவனைப் புகழ்வதை நம் செயல் நிறுத்திவிடுகிறது; அதற்கு நமக்கு உரிமை இல்லை என்பது அதன் பொருள். அடுத்த பத்தியில் பூஞ்சைக்கும் புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் இடம் உண்டு. அறிவியல் தரப்பில் நாங்கள் ஓர் உயிரினத்துக்காக வாதாடும்போது, அது மகரந்தம் கடத்துகிறது, மண்ணைக் கிளறுகிறது, ஒருநாள் மருந்து தரலாம் என்று பயனைத்தான் அடுக்குவோம். பயன் ஏதும் நிரூபிக்க முடியாத ஒரு புழு அழியலாமா என்று மாணவன் ஒருவன் கேட்டபோது நான் உணவுச்சங்கிலியைக் காட்டிச் சமாளித்தது நினைவிருக்கிறது. அவனிடம் நேர்மையாகச் சொல்லியிருக்க வேண்டிய பதில், என் பாடத்திட்டத்தில் அதற்கு விடை இல்லை என்பதே. இறைவனைப் பற்றிய நம்பிக்கை இல்லாத எனக்கு அந்தப் பத்தியின் காரணத்தை ஏற்க முடியாது. ஆனால் ‘உரிமை இல்லை’ என்ற முடிவை விடவும் முடியவில்லை.

விளைவு என்ன என்று கேட்டால், இரண்டு பக்கமும் சொல்ல இருக்கிறது. திருமடல் வந்த ஆறாவது மாதத்தில் காலநிலை பற்றிய பாரிஸ் உடன்படிக்கை நிறைவேறியது. அதற்கு இது ஒரு கைகொடுத்தது என்று பேச்சுவார்த்தையில் இருந்தவர்களே சொன்னார்கள். ஆனால் அமெரிக்காவில் அந்த வேளையில் கருத்துக் கேட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, திருமடலைப் பற்றி அறிந்திருந்த பழைமைவாதக் கத்தோலிக்கர்கள் காலநிலை பற்றிய தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வதற்குப் பதிலாகத் திருத்தந்தை மீதிருந்த மதிப்பைக் குறைத்துக்கொண்டார்கள் என்று காட்டியது. 2023 அக்டோபரில் பிரான்சிஸ் இதன் தொடர்ச்சியாக இன்னொரு மடலை எழுதியபோது, திருச்சபைக்குள்ளேயே இருக்கும் மறுப்பாளர்களை நேரடியாகக் கண்டித்தார். எட்டு ஆண்டுகளில் பொறுமை தேய்ந்திருந்தது தெரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, உரோமைக்கு வெளியே வானொலி நிலையம் இருக்கும் வத்திக்கானுக்குச் சொந்தமான நிலத்தில், வத்திக்கான் நகர் முழுவதுக்கும் மின்சாரம் தரும் சூரியமின் நிலையம் அமைக்க ஆணையிட்டார். தன் கூரையிலிருந்து தொடங்குவது நல்ல பழக்கம்தான்.

எங்கள் ஊரில் அந்தப் பரிசோதனை வேறு விதமாக நடந்தது. தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்துக்குக் குளிர்சாதன வசதி செய்ய வேண்டும் என்று பங்குப்பேரவையில் பேச்சு வந்தபோது, ஃபாதர் 55ஆம் பத்தியை எடுத்து வாசித்தாராம். ஏசி பயன்பாடு பெருகுவதை, வெளியிலிருந்து பார்ப்பவர் தற்கொலைத்தனம் என்றே வியப்பார் என்று அந்தப் பத்தி சொல்கிறது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மே மாதம் நடக்கும் திருமணங்களுக்கு யார் வருவார்கள் என்று ஒருவர் கேட்டார். கடைசியில் ஆறு ஏசிகள் வந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இந்த வரிகளையும் நான் ஏசி அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேலும் அந்தப் பத்தியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. உரோமையில் ஏசி சொகுசாக இருக்கலாம், ஈரக்காற்றோடு நாற்பது பாகை வெப்பம் அடிக்கும் ஊரில் முதியவருக்கு அது மருந்து. பார்க்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் வாயுவையும் பெட்டிக்கு வரும் மின்சாரத்தையும். ஓசோனைக் காக்க வந்த மாற்று வாயுக்களான ஹைட்ரோஃபுளூரோகார்பன்களும் வெப்பத்தைப் பிடிப்பவையே. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. செகந்திராபாத் கசிவின் கணக்கு இன்னும் முடியவில்லை.

இதுவரைக்கும் ஃபாதரும் நானும் சேர்ந்தே வந்தோம். 50ஆம் பத்தியில் நின்றுவிட்டோம்.

மக்கள்தொகையைக் குற்றம்சாட்டிவிட்டுச் சிலருடைய மிதமிஞ்சிய நுகர்வைப் பார்க்க மறுப்பது பிரச்சினையிலிருந்து நழுவுவதாகும், ஏழைகளுக்குப் பிறப்பைக் குறைப்பதை மட்டுமே தீர்வாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பத்தி சாடுகிறது. பாதி உண்மை, அதுவும் பெரிய பாதி. இராமநாதனின் 100 கோடிக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. கடன் தருகிறோம் என்ற பெயரில் ஏழை நாடுகளிடம் கருத்தடை இலக்குகளை நிர்ப்பந்தித்த வரலாறும், நம் நாட்டில் நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களை வளைத்துப் பிடித்துக் கருத்தடை செய்த வரலாறும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்தியில் பெண் இல்லை. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் பெண், அதைச் சொல்லும் உரிமை இல்லாத பெண், எங்கேயும் வரவில்லை. 2014 கூட்டத்தை நடத்திய தாஸ்குப்தாவே இந்த மௌனத்தைத் தொடர்ந்து சுட்டிவந்திருக்கிறார். 2017இல் அதே கழகங்கள் உயிரின அழிவு பற்றிய கூட்டத்துக்கு மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசிவந்த உயிரியலாளர் பால் எர்லிக்கை அழைத்தபோது, கத்தோலிக்கர்கள் பலர் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். அழைப்பு திரும்பப் பெறப்படவில்லை என்பதைக் கழகத்தின் பெருமையாகவே சொல்ல வேண்டும், பத்தியும் திருத்தப்படவில்லை.

இந்த மௌனத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. கருத்தடை பற்றி ஆராய இருபத்துமூன்றாம் ஜான் 1963இல் ஒரு குழு அமைத்தார். ஆறாம் பவுல் அதை விரிவாக்கினார். மருத்துவர்களும் மக்கள்தொகை வல்லுநர்களும் இல்லறத்தாரும் அதில் இருந்தார்கள். 1966இல் பெரும்பான்மையோர் பழைய தடையைத் தளர்த்தலாம் என்று பரிந்துரைத்தார்கள். 1968 ஜூலையில் திருத்தந்தை அதை ஏற்காமல் தடையையே உறுதிசெய்தார். சமயம் அறிவியலைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முழுதும் கேட்டுவிட்டு, மறுத்த நிகழ்ச்சி அது. ஃபாதரிடம் இதைச் சொன்னேன். “கேட்டாங்கல்ல சார்? கேக்காம முடிவு பண்ணலையே” என்றார். கேட்பது என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பது அன்றைக்கு எனக்கு எரிச்சலூட்டியது.

அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னது அப்போதுதான். எனக்கு இளையவள் பிறந்து சில மாதங்களில் அரசு மருத்துவமனை நர்ஸ் அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, போதும் என்று நிறுத்திக்கொள்ளலாமே என்று எடுத்துச் சொன்னார். அப்பாவும் பாட்டியும் அந்த அம்மாளைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். பல ஆண்டுகள் கழித்து, இருமலோடு படுத்திருந்த நாட்களில், அதைப் பற்றி நான் கேட்டபோது அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “நாலோட போதும்னு எனக்கே தோணுச்சு. நான் சொன்னா யாரு கேட்டா?”

ஃபாதர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பத்தி நம்பர் இல்ல சார்” என்றார். தேநீர் ஆறிப்போயிருந்தது, சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னேன். மறுவாரம் அந்த 1966 குழுவின் அறிக்கையை ஆங்கில வடிவத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து தொடர்வோம் என்று எழுந்துபோனார். அடுத்து வந்த மே மாதத்தில் அவருக்கு மாறுதலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். புத்தகம் என்னிடமே இருக்கிறது.